முடிச்சுக்கு ஒரு ஆள்

மெட்ராஸில் வழி கேட்க வேண்டுமென்றால் போலீஸ்காரரைக் கேட்கக் கூடாது, இளநீர் வெட்டுகிறவரைக் கேட்க வேண்டும். காரணம் இதுதான்: "அவன் கைல கத்தி கீது. பொய் சொல்லித்தான் பொயக்கணும்னு அவனுக்கு இன்னா தலையெயுத்து?"

பி.ஏ. படித்த காலத்தில் தர்க்கம் எனக்கு ஒரு பாடமாக இருந்தது. அந்தப் புத்தகத்தில் இந்த வகைத் தர்க்கம் இல்லை. இதைச் சொன்னவருக்கு எங்கள் ஊரில் மெட்ராஸம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ரேஷன் கடையில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவரும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றுகொண்டிருப்பார்.

கல்யாணமான புதிதில் புளியந்தோப்பில் பதினோரு மாதம் குடியிருந்தார். புருஷன் வேலை பார்த்த ஆலையை மூடினார்கள். இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். வரும்போது கொண்டுவந்தவை ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் வாளி, மெட்ராஸைப் பற்றிப் பேசும் முழு உரிமை. அதே பதினோரு மாதம் அவர் புருஷனும்தான் அங்கே இருந்தார். மெட்ராஸ் எப்படி என்று அவரைக் கேட்டால் "வேர்க்கும்" என்பார். அதற்குமேல் கேட்டால், "ரொம்ப வேர்க்கும்."

எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில். உத்திரமேரூர் பஸ் அங்கே நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அது டிரைவருக்கும் அவர் வீட்டுக்காரிக்கும் காலையில் நடந்த பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. பஸ் நிற்கும் இடத்தை ஒட்டியே பெரிய வீட்டாரின் இரண்டு ஏக்கர். அதை மெட்ராஸம்மாவும் புருஷனும் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். சாலையில் யாராவது சலவை வேட்டியோடு நின்றால் போதும். நடவில் குனிந்திருக்கும் மெட்ராஸம்மா நிமிர்வார். முழங்கால் சேற்றோடு வரப்பேறி வந்துவிடுவார்.

"எங்க, மெட்ராஸா?"

"ஆமாம்மா. பெரியாஸ்பத்திரிக்கு."

"நோவு கீதுன்னு மூஞ்சில காட்டிக்காத. காட்டுனா ரிக்ஷாக்காரன் ஏத்திக் கேப்பான். கல்யாணத்துக்குப் போற மாரி போ."

அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது. பார்க்கத்தான் வேண்டுமென்றால் தலை சீவுகிற மாதிரி சீப்பை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் ஏதாவதொரு கிழவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: "கெய்விய எவனும் இடிக்க மாட்டான். இடிச்சா எந்திரிச்சி ஏசுவா, அவனுக்கு நேரமாயிடும்." பீச்சில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகவே கூடாது, பெயரை எவனிடமோ தெரிந்துகொண்டு கூப்பிடுகிறான் என்று அர்த்தம். சுண்டல் வாங்கினால் சுற்றிய காகிதத்தைப் படிக்கக் கூடாது. இது எனக்கென்றே சொன்ன யோசனை. நான் படித்தேன். பாதித் தொடர்கதை அதில் இருந்தது. கதாநாயகி கிணற்றடிக்குப் போகும் கட்டத்தில் என் சட்டைப் பையிலிருந்த பேனா போய்விட்டது. அந்தப் பெண் கிணற்றில் குதித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழும்பூர் மியூசியத்துக்கு எங்கள் பக்கத்தில் செத்த காலேஜ் என்று பெயர். மிருகக் காட்சி சாலை உயிர் காலேஜ். "செத்தத மொதல்ல பாரு, உயிர அப்பறம் பாரு. மாத்திப் பாத்தா மனசு பேஜாரா பூடும்" என்பார். இவ்வளவு சுருக்கமாக எனக்கு வாழ்க்கைத் தத்துவம் யாரும் சொன்னதில்லை, நானும் கனமான புத்தகங்களாகத்தான் படித்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே காலனியிலிருந்த முனியம்மாவுக்கு அவர் சொன்னது வேறு. "எந்த ஊருன்னு எவன் கேட்டாலும் சொல்லாத. எந்தத் தெருன்னு கேக்கவே மாட்டான். எந்த பஸ்ஸுன்னுதான் கேப்பான்."

"அப்ப நான் இன்னிக்கே போறேன்" என்றார் முனியம்மா.

இத்தனை யோசனைகளுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மெட்ராஸம்மா மெட்ராஸில் தொலைய மாட்டார். வழி தவறியதாக அவர் ஒப்புக்கொண்டு நாங்கள் கேட்டதில்லை. ஒருமுறை உயிர் காலேஜ் என்று சொல்லி எங்களைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இதயும் பாத்துட்டுப் போவலாம். எல்லாரும் இத வுட்டுட்டுப் பூட்றாங்க" என்றார். வெள்ளைக்காரர்களின் சமாதிகளை வரிசையாகப் பார்த்தோம். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருமுறை, பீச்சுக்குப் போக வேண்டிய நாங்கள் தவறான பஸ்ஸில் திருவொற்றியூரில் போய் இறங்கினோம்.

"அக்கா, இது வேற எங்கயோ வந்துட்ட மாதிரி இருக்குதே" என்றேன்.

"கடலு கீதா இல்லியா?"

"இருக்குது."

"அப்பறம் இன்னா நைனா உனுக்கு?"

இவையெல்லாம் காணும் பொங்கலன்று நடந்தவை. அன்றைக்கு எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவே லாரி ஏறி மெட்ராஸுக்குப் போகும். எங்கள் ஊருக்கு வாலாஜாபாத் அரிசி ஆலையிலிருந்து ஒரு லாரி வரும். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் முழுக்கத் தவிடு. அதைத் தட்டிவிடாமல் மெட்ராஸில் இறங்கக் கூடாது என்பதும் ஒரு யோசனை.

கூட்டத்தில் யாரும் தொலையாமலிருக்க மெட்ராஸம்மா ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். களத்தில் போரடிக்கும்போது மாடுகளை வரிசையாகப் பிணைத்து ஓட்ட ஒரு நீளக் கயிறு இருக்கும், தாம்புக் கயிறு. அறுப்பு முடிந்து அது சும்மா கிடக்கும் நேரம். அதில் ஆளுக்கொரு முடிச்சாகப் போட்டு, யாருக்கு எந்த முடிச்சு என்று லாரியிலேயே சொல்லிவிடுவார். மெட்ராஸில் இறங்கியதும் அவரவர் முடிச்சை அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்களை அவர் எண்ணுவதில்லை. கயிற்றைப் பார்ப்பார். எல்லா முடிச்சிலும் கை இருந்தால் எல்லாரும் இருக்கிறார்கள். நான் உயரம் என்பதால் கயிற்றின் முன்முனையில், கம்பில் சிவப்புத் துண்டு கட்டித் தூக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு. பட்டம் வாங்கியபின் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான்.

அந்த வருஷம் பெரிய வீட்டம்மாவும் வருகிறேன் என்றார்.

பெரிய வீட்டம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஊரில் பாதி நிலம் அவர்கள் வீட்டுடையது. அப்போதுதான் காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். "கண்ணு தொறந்து இந்த வூட்டு மூஞ்சிங்களத்தான் பாத்துக்கினு கீறேன். பெருசா எதுனா பாக்கணும்" என்றாராம். கடலைவிடப் பெரிதாக யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

லாரி கிளம்பும்போது அவர் மகன் வந்து நின்றார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்றார் மெட்ராஸம்மாவிடம். பஸ் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அறுப்பு முடிஞ்ச நெலம் அது. ஞாபகம் வச்சிக்கோ."

அறுப்பு முடிந்த நிலத்தை இந்த ஆளிடமிருந்து எடுத்து அந்த ஆளிடம் கொடுப்பது எங்கள் பக்கத்தில் தை மாதத்து வழக்கம். மெட்ராஸம்மா தலையை ஆட்டினார். லாரி வாலாஜாபாத் தாண்டும்வரை அவர் யாருக்கும் யோசனை சொல்லவில்லை.

எழும்பூரில் இறங்கிக் கயிற்றைப் பிரித்தார்கள். பெரிய வீட்டம்மாவின் முடிச்சு முனியம்மாவின் முடிச்சுக்கு அடுத்தது.

"இவ புட்ச்ச கவுத்த நான் புட்ச்சிக்கணுமா?" என்றார் பெரிய வீட்டம்மா.

"இது மாடு புட்ச்ச கவுறும்மா" என்றார் மெட்ராஸம்மா. "மாடு கேக்கல."

முனியம்மா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்க அவருக்குப் பழக்கம் இருந்தது. கடைசியில் பெரிய வீட்டம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தானையை முடிச்சின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டார். கயிறும் தீண்டவில்லை, கூட்டமும் தவறவில்லை. வேதாந்தத்தில் இதற்கு ஏதோ பெயர் இருக்க வேண்டும்.

செத்த காலேஜில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்று பெரிய வீட்டம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இத்தினி பெரிய ஒடம்ப வச்சிக்கினு இன்னாத்த சாதிச்சுது, இங்க வந்து மாட்டிக்கிச்சி" என்றார். உயிர் காலேஜில் சிங்கம் கொட்டாவி விட்டது. பதிலுக்கு இவரும் விட்டார். மூன்று மணிக்குப் பீச்சுக்கு வந்தோம்.

காணும் பொங்கல் பீச்சில் மணலைப் பார்க்க முடியாது, மனிதர்களைத்தான் பார்க்கலாம். எங்களைப்போலவே இன்னும் பல ஊர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தன. ஒரு கயிறு இன்னொரு கயிற்றைத் தாண்டிப் போகும். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் பட்டிக்காட்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வார்கள். தண்ணீரில் காலை நனைத்துவிட்டு, வெயில் தாழுமுன் புறப்பட்டோம். மெட்ராஸம்மா கயிற்றின் ஓரமாகவே ஒருமுறை நடந்து பார்த்தார். எல்லா முடிச்சிலும் கை இருந்தது. லாரி கிளம்பியது.

தாம்பரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பெரிய வீட்டம்மாவைப் பிடித்து இறக்கலாமென்று மெட்ராஸம்மா போனார். மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லை.

"யாரு நீ?"

"தாண்டிட்டமா?" என்றார் அந்த அம்மாள்.

"இன்னாத்த?"

"மெட்ராஸ. அங்க எவன்கிட்டயும் வாயத் தொறக்காதன்னு எங்க ஊர்ல சொல்லி அனுப்பிச்சாங்க. அதான் பேசல." அவர் திருத்தணிப் பக்கம். கூட்டத்தில் அவருடைய கயிறு கை நழுவிவிட்டது, பக்கத்தில் ஒரு முடிச்சு காலியாகப் போனது, பிடித்துக்கொண்டார். "எல்லாக் கவுறும் ஒரே மாரிதான கீது" என்றார்.

"நம்ம பெரிய வூட்டம்மா எங்க?" என்று மெட்ராஸம்மா முனியம்மாவைக் கேட்டார்.

"என்னக் கேட்டா? அவங்க எங்க கவுத்த புட்ச்சாங்க? பொடவயத்தான புட்ச்சிக்கினு வந்தாங்க. காத்துல அவுந்துக்கினு பூட்டுருக்கும்."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சுற்றிய துணி முடிச்சிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. பெரிய வீட்டம்மா தன் முந்தானையைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கயிற்றோடு இருப்பதாக நினைத்து அங்கேயே நின்றிருக்கிறார்.

மெட்ராஸம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு ஏக்கரும் பூட்ச்சி" என்றார்.

லாரியைத் திருப்ப டிரைவர் முரண்டு பிடித்தார். ஆலைக்கு நேரமாகிவிட்டது என்றார், டீசல் பற்றாது என்றார். முனியம்மா லாரிக்கு முன்னால் போய் நடுத்தெருவில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். "மெதுவா யோசிச்சி சொல்லு, அவசரமில்ல" என்றார். டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

பீச்சில் விளக்குப் போட்டுவிட்டார்கள். போலீஸ் கொட்டகையில் தொலைந்த குழந்தைகள் வரிசையாக முறுக்குத் தின்றுகொண்டிருந்தன. திருத்தணி அம்மாளின் ஊரே அங்கே நின்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் ஒப்பாரி அப்படியே வசவாக மாறியது. காவலர் ஒருவர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, பெரிய வீட்டம்மா எங்கிருந்தாலும் கொட்டகைக்கு வரும்படி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

"வரமாட்டாங்க" என்றேன். "ஒலிபெருக்கில கூப்பிட்டாப் போகாதீங்கன்னு நீங்கதானே அக்கா சொல்லி வச்சிருக்கீங்க."

மெட்ராஸம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. காவலர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். கேட்டு வாங்கினார் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது.

"இந்தாம்மா பெரிய வூட்டம்மா. நான்தான் பேசறேன். மைக்குல கூப்டா வராதன்னு நான்தான் சொன்னேன். அத வுடு. இப்ப சொல்றத கேளு. முனியம்மா புட்ச்ச கவுறுன்னு பொடவய சுத்திக்கினியே, இப்ப கைல இன்னா கீதுன்னு குனிஞ்சி பாரு. கவுறா அது? உன் முந்தானை. எந்திரிச்சி நின்னு அத ஆட்டு."

பெரிய வீட்டம்மாவை நீ என்று அழைத்த குரல் எங்கள் ஊரில் அதுவரை கிடையாது. அது இப்போது மெரீனா முழுக்கக் கேட்டது. கயிற்றைப் பிடித்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முனியம்மா மட்டும் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பீச்சில் ஏகப்பட்ட முந்தானைகள் ஆடின. தொலைந்த பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று போலீஸாருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். துண்டுக் கம்போடு நான் ஒவ்வொரு முந்தானையாக ஓடினேன். தண்ணீர் ஓரத்தில், விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு ஒரு முகம் மின்னியது. அவர் எழுந்திருக்கவும் இல்லை, முந்தானையை ஆட்டவும் இல்லை. கையில் அதைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எங்க பூட்டீங்க?" என்றார்.

"அம்மா, நீங்கதான் தொலைஞ்சி..."

"நான் எங்கயும் போவல. இங்கயேதான் கீறேன். கவுறுதான் காணாம பூட்ச்சி."

திரும்பும்போது அவரை முன்னால், டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்காமலிருக்க வழியில்லை. பின்னால் தவிட்டில் உட்கார்ந்திருந்த மெட்ராஸம்மா, முன்பக்கத்துப் பலகை இடுக்கு வழியாக அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீன்னு பேசியிருக்க வேணாம் நான்" என்றார்.

"அப்பிடிப் பேசுனதாலதான் ஆளு கெடச்சிது" என்றார் முனியம்மா. "நான் எத்தினி வாட்டி வேணும்னாலும் கேப்பேன் அத."

"உனுக்கு இன்னா, நெலமா கீது போறதுக்கு?"

"இல்லியே. அதான் கேக்கறேன்."

ஊருக்குள் லாரி நுழைந்தபோது பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டார்ச் வெளிச்சம். மகன் நின்றிருந்தார். பின்னால் இரண்டு ஏக்கரும் இருட்டில் இருந்தன. பெரிய வீட்டம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"



பெரிய வீட்டம்மா முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டார். "இன்னாத்த சொல்றது போ. இவங்க அத்தினி பேரும் தொலஞ்சி பூட்டாங்க. நான் ஒருத்திதான் எடத்த வுட்டு அசையாம ஒக்காந்துகினு இருந்தேன். எங்கெங்கயோ சுத்திட்டு அப்பறமா வந்து சேந்தாங்க."

டார்ச் வெளிச்சம் லாரியின் மேலேறி, ஒவ்வொரு முகமாகத் தடவி, மெட்ராஸம்மாவிடம் வந்து நின்றது.

"நீ கூடவா?" என்றார் மகன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "மெட்ராஸே என்னுதுன்னு சொல்லுவ. நீயுமா தொலஞ்சி போன?"

இல்லை என்றால், தொலைந்தது யார் என்ற கேள்வி வரும். அதன் பின்னால் ஒலிபெருக்கி வரும். அதன் பின்னால் நிலம் போகும். பெரிய வீட்டம்மா மகனின் தோளைப் பிடித்தபடி, சோடாபுட்டிக் கண்ணாடி வழியாக மெட்ராஸம்மாவை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்திலும் தொலையாதவர், திருவொற்றியூரிலும் தொலையாதவர், அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "எனுக்கு இன்னாங்க தெரியும் மெட்ராஸப் பத்தி."